காஹாங்கில் கை நனைத்த மாலை

விருந்தோம்பலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வகுப்பறையில் பேசியவன் நான். ஓய்வு பெற்ற பின் சபை மேடையிலும் பேசினேன். பேசியது முழுவதும் படைப்பவரின் பக்கத்தில் நின்றுகொண்டுதான். உண்பவரின் பக்கத்திலும் ஓர் உழைப்பு உண்டு, அதற்கும் பொறுமையும் துணிவும் இறையருளும் வேண்டும் என்பதை, ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் தொடங்கிக் காஹாங்கில் முடிந்த ஒரே பிற்பகலில் என் வயிறு எனக்குக் கற்பித்தது.

கிறித்துப் பிறப்பு நாள் நெருங்கும்போது எங்கள் சபையார் ஒரு மூடுந்து வண்டியில் ஏறி, உறுப்பினர் வீடுதோறும் சென்று பாடி, இறைவேண்டல் செய்து வருவதைக் கீதபவனி என்போம். பாடற்குழுவை நடத்துபவர் என் மனைவி. மூடுந்தை ஓட்டுபவர் வேலை நாள்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சபை நண்பர். கிறிஸ்துமஸ் தாத்தா வேடமும் அவருக்கே உரியது. மூங்கில்போல் மெலிந்த உடல் அவருக்கு. ஆகையால் சிவப்பு அங்கிக்குள் ஒரு தலையணையைத் திணித்து, அதன்மேல் அகன்ற இடைவாரைக் கட்டிக்கொள்வார். நான் அடிக்குரலில் பாடுவேன். பாடுகிறேன் என்று நான் சொல்லுவேன். முனகுகிறேன் என்று மனைவி சொல்லுவார்.

அவ்வாண்டுப் பவனிக்கு ஒரு தனிக் காரணம் இருந்தது. காஹாங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் என்னும் குடியிருப்பு ஒன்றில் வாழும் இளம்பெண் ஒருவர் அப்போதுதான் எங்கள் சபைக்கு வரத் தொடங்கியிருந்தார். அவர் கணவர் சிங்கப்பூருக்குச் சரக்குந்து ஓட்டுபவர். மனைவியின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்காதவர். மாமியார் நெற்றி நிறைய நீறு பூசும் அம்மையார். அவரும் மருமகளைத் தடுக்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அப்பெண் கிளம்பும்போது ஒரே ஒரு சொற்றொடரைச் சொல்லி வழியனுப்புவாராம்: “உன் ஆளுங்க குடுப்பாங்க, வாங்கமாட்டாங்க. நம்ம வீட்டுல கை நனைக்கமாட்டாங்க, பாரு.”

அம்மையாரின் கசப்புக்கு வேர் இருந்தது. அவர் புதுமணப்பெண்ணாகத் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்தில், எங்கிருந்தோ ஒரு கூட்டத்தார் வந்து, அரிசியும் துணியும் கொடுத்து, இனிமையாகப் பாடினார்களாம். இவர் அண்டை வீடுகளிலெல்லாம் கோப்பை இரவல் வாங்கி, அத்தனை பேருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, நேரமாகிவிட்டது, இன்னொரு முறை பார்ப்போம் என்று சொல்லி வண்டியேறிவிட்டார்களாம். ஆறிப்போன தேநீரை வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, இரவல் கோப்பைகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. வந்தவர் யாவர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆயினும் அந்தக் கோப்பைகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு மருமகளின் தலையில் விழுந்திருந்தது. அங்கிருந்து உருண்டு எங்கள் வயிற்றில் வந்து நின்றது.

அப்பெண் என் மனைவியைத் தனியே அழைத்துப் பேசினார். “ஆண்ட்டி, பலகாரம் கடிச்சிட்டுப் போறதெல்லாம் வேணாம். எல்லாரும் எலையில உட்கார்ந்து சாப்பிடணும். மிச்சம் வச்சீங்கன்னா அத்தை வருஷம் பூரா அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.”

மனைவி வாக்களித்தார். வாக்கைக் காக்கும் வழியையும் ஆராய்ந்து வகுத்தார். பவனியில் சாப்பாடு காஹாங்கில் மட்டும்தான், மற்ற வீட்டார் குடிக்க ஏதேனும் கொடுத்தால் போதும் என்று ஆயரைக் கொண்டு சபையில் அறிவிக்கச் செய்தார். அறிவிப்பு தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் தலையசைத்தார்கள். அழிவு அங்கேதான் தொடங்கிற்று.

முதல் வீடு குளுவாங்கிலேயே இருந்தது; ஓய்வு பெற்ற தாதி ஒருவரின் வீடு. இரண்டு பாடல் பாடினோம். கதவருகே சர்பத் குவளைகளை எதிர்பார்த்து நின்ற எங்கள்முன், இருவர் சேர்ந்து ஒரு பெரிய தேக்சாப் பாத்திரத்தைத் தூக்கிவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் நெய்யும் மணத்த ஆவி என் மூக்குக் கண்ணாடியை மறைத்தது.

“மத்த வீட்டுல எல்லாம் வெறும் தண்ணிதானாமே? பாவம்லா நீங்க,” என்றார் தாதியம்மா. “அதான் கொஞ்சமா பிரியாணி போட்டேன்.”

காஹாங் செய்தியை மனைவி எடுத்துரைத்தார். காஹாங் போய்ச் சேர்வதற்குள் பசித்துவிடும் என்று தாதியம்மா மருத்துவ முறையில் மறுத்துரைத்தார். உண்டோம். அளவோடுதான் உண்டோம், ஆனால் அளவு அவர் கையிலிருந்த கரண்டியினுடையது.

இரண்டாம் வீட்டுப் படியேறும்போதே மிளகாயும் தேங்காய்ப்பாலும் கலந்த மீன் குழம்பின் மணம் தெருவரை வந்து எங்களை எதிர்கொண்டது. லக்சா ஜொகூர். இத்தாலியர் உண்ணும் ஸ்பகெட்டியின்மேல் நம் கடலோரக் குழம்பை ஊற்றி உண்ணும் துணிவு இந்த மாநிலத்தாருக்கே உரியது. அவ்வீட்டுக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, மற்ற வீடுகளில் எங்களைப் பட்டினி போடுகிறார்களாமே என்று மெய்யாகவே வருந்தினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போதுதான் எங்களுக்கு எல்லாம் விளங்கிற்று. சபையிலிருந்த ஒவ்வொரு குடும்பமும் அறிவிப்பைக் கேட்டது. மற்றவர்கள் அதன்படி நடப்பார்கள் என்று நம்பியது. நடந்தால் பாடகர்கள் வாடிப்போவார்களே என்று இரங்கியது. தான் மட்டும் கமுக்கமாக அடுப்பைப் பற்றவைத்தது. ஒருவரும் கீழ்ப்படியாமல் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் கீழ்ப்படிதலை ஈடுசெய்தார், அவ்வளவே.

அன்பின் வலைக்குள் அகப்பட்டவர்கள் திமிற முடியாது. லக்சாவையும் உண்டோம்.

மூடுந்து மூன்றாம் வீடு இருந்த பாலோ ஊரை நோக்கித் திரும்பியதும் உள்ளே ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. பாலோ ஒரு திசை, காஹாங் நேரெதிர்த் திசை. இப்படி ஒரு வழித்தடத்தை வகுத்தவர் யார் என்று வண்டியோட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா கேட்டார். வகுத்தவர் என் மனைவி என்பதால் ஒருவரும் விடை கூறவில்லை. பாலோவில் நோன்பு என்று சொல்லிவிடலாமா என்றார் ஓர் இளம் பாடகி. வாயோரத்தில் லக்சா இருக்கும்போது சொன்னால் எடுபடாது என்றார் மனைவி. அன்று ஆயர் எங்களோடு வராததால் இறைவேண்டல் என் பொறுப்பு. அதையே ஒரு கருவியாக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். வேண்டல் நீண்டால் உண்ட உணவு செரிக்க நேரம் கிடைக்கும்; ஆண்டவரும் தவறாக எண்ணமாட்டார்.

பாலோ வீட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் வலைபோல் வார்த்த ரொட்டி ஜாலாவும் மேசையில் மூடிவைக்கப்பட்டிருந்தன. நான் கண்களை மூடினேன். அவ்வீட்டாருக்காக வேண்டினேன், அவ்வூருக்காக வேண்டினேன், மாநிலத்துக்காக, நாட்டுக்காக, தென்கிழக்காசியாவுக்காக வேண்டினேன். கண்டங்களைக் கடந்தேன். கடற்பயணிகளையும் வான்பயணிகளையும் நினைவுகூர்ந்தேன். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது வீட்டம்மையார் கண்ணீர் மல்க நின்றார். தம் வீட்டில் இதுவரை யாரும் இப்படி உருகி வேண்டியதில்லை என்று சொல்லி, நாளைக்கென்று எடுத்துவைத்திருந்த இறால்களையும் எண்ணெய்ச் சட்டியில் இட்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

பாலோவில் தாத்தாவின் இடைவார் அறுந்தது. அவர் மூலைக்குச் சென்று திரும்பி நின்று தலையணையை உருவி எடுத்தார். வாரில்லாமலேயே அங்கி கச்சிதமாகப் பொருந்தியது. “இனிமே இது தேவையில்லை, ஐயா,” என்று தலையணையை என் மடியில் வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் அதைக் கட்டிக்கொண்டே குளுவாங்கைக் கடந்தேன்.

காஹாங் சாலையில் ஒருவரும் பாடவில்லை. பேசினால் ஏப்பம், சிரித்தால் விக்கல். ஆயினும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவர் விக்கினால் வரிசை முழுவதும் குலுங்கியது. இந்த வயிறுகளோடு அந்த அம்மையாரின் இலைமுன் அமர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது மட்டும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் காலை முதல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்தால் கொஞ்சம் இடம் உண்டாகும் என்பது அவர் கணக்கு.

ஆகவே செம்பனை மரங்களுக்கு நடுவே, சிவப்புத் தொப்பியணிந்த ஒரு கூட்டம் நடந்து போனது. முன்னால் ஆமை வேகத்தில் ஒரு மூடுந்து. அதன் வலப்புறச் சன்னலில் வெண்தாடி. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் நிறுத்தி, வண்டி பழுதா என்று கேட்டார். வண்டிக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் பழுது என்று தாத்தா மலாயில் விடையளித்தார். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, இவ்வளவு தொலைவு நடக்கிறார்களே என்று இரக்கப்பட்டு, வண்டிக் கைப்பிடியில் தொங்கிய ரம்புத்தான் பழக் கொத்தை அவிழ்த்து என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாலைகூட எங்களுக்கு ஊட்டிற்று.

விளக்கேற்றும் வேளையில் காஹாங் வீட்டை அடைந்தோம். அம்மையார் வாசலில் நெகிழி நாற்காலியில் அமர்ந்திருந்தார், எழவில்லை. மருமகள் அவருக்குப் பின்னால் நின்று, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். என்ன படித்தாரோ, அவர் முகம் வெளிறிற்று. பாடினோம். நிறைந்த வயிற்றுக்குமேல் மூச்சுக்கு இடமில்லாததால் உச்சத்தைத் தொடவேண்டிய இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் நின்றுபோனோம். அம்மையார் புருவத்தை உயர்த்தினார்.

உள்ளே பாய் விரித்து வரிசையாக வாழை இலை போட்டிருந்தது. சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், அதன்மேல் அவரே வளர்த்து அன்று காலை அறுத்த நாட்டுக்கோழியின் குழம்பு. மருமகளைச் சமையலறைப் பக்கமே விடவில்லையாம். கை நனைக்கமாட்டார்கள் என்று சொன்னவர், கை நனைத்தாகவேண்டிய சமையலைத் தாமே சமைத்திருந்தார். மனிதருக்குத் தாம் சொன்ன சொல் பொய்க்கவேண்டும் என்ற ஆசையும் இருக்கும்போலும்.

மனைவி முதலில் அமர்ந்தார். நாங்களும் தூண்களைப் பிடித்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி, அமர்ந்தோம். குழம்பு அருமையாக இருந்தது. அதுவே பெருந்துன்பம். பசித்து வந்திருந்தால் பாடிப் புகழ்ந்திருப்பேன். முதற்கவளங்கள் இறங்கின. பின்னர் வரிசை முழுவதும் விரல்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தன, வாய்க்கு ஏறவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது அந்த இளம் பாடகி, மிகப் பணிவாக, இதைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டுவிட்டார்.

அம்மையாரின் கரண்டி நின்றது.

“நான் சொல்லல?” என்றார் மருமகளிடம், எங்களைப் பாராமலே. “கட்டிக்கிட்டுப் போயி வழியில போட்டுருவாங்க.”

அந்தப் பெண் சுவரோடு சாய்ந்தார். நான் என் கடமையென்று எண்ணி வாய் திறந்தேன். அம்மையீர், எமது நிலையைத் தாங்கள் பொறுத்தருளி என்று தொடங்கி, விருந்தின் மிகுதியே விருந்துக்குப் பகையாய் அமைந்த முறையை விளக்க முற்பட்டேன். அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னா சொல்றாரு இவரு?” என்று தாத்தாவைக் கேட்டார்.

தாத்தா கையூன்றி எழுந்தார். அங்கியின் பொத்தான்களைக் கழற்றி, உள்ளே இருந்த சட்டையோடு தம் வயிற்றைக் காட்டினார்.

“அம்மா, மத்தியானம் கெளம்பும்போது இங்க ஒரு தலையாணி இருந்துச்சு. இப்ப பாருங்க, தலையாணி இல்ல. பூரா பிரியாணி. அதுக்கு மேல லக்சா. அதுக்கு மேல ஆடு. இந்த ஐயா ஜெபம் பண்ணாரு, அதுக்கு எறாலு.”

அம்மையார் சற்று நேரம் அவ்வயிற்றை நோக்கினார். பின்னர், சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல், கரண்டிக் காம்பால் அதை இரண்டு தட்டுத் தட்டினார். வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற வயிறுகளையும் பார்வையால் அளந்தார். என் மடியிலிருந்த தலையணையையும் கண்டார்; நான் அதை இன்னும் கீழே வைக்கவில்லை. அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“அத்தனை வீட்டுலயும் தின்னுட்டா வந்தீங்க?”

ஆம் என்றோம், பள்ளிப் பிள்ளைகளைப்போல்.

“வேணாம்னு சொல்லத் தெரியாதா?”

தெரியாது என்றார் மனைவி. அதுதான் எங்கள் குறை என்றும் சொன்னார்.

அம்மையாருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள்களில் வந்தது; பிறகு கரண்டியில் வந்து குழம்பைச் சிந்திற்று. ஆனால் விட்டுவிடவில்லை. எந்த வீட்டில் என்ன, எத்தனை கறி, பிரியாணியில் என்ன அரிசி, ஆட்டை வறுத்தார்களா பிரட்டினார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறை கண்டார். எல்லாம் கேட்டு முடித்தபின் தீர்ப்பு வழங்கினார்.

“எலைய மடிக்கக்கூடாது. யாரும் மடிக்காதீங்க. எந்திரிச்சு வெளிய போய்ப் பாடுங்க. சும்மா நின்னுக்கிட்டு முனகக்கூடாது, குதிச்சுப் பாடணும். அப்புறம் வந்து சாப்பிடுங்க.”

இலைகளின்மேல் நாளிதழ்த் தாள்களை விரித்து மூடினார். முனகுதல் என்ற சொல்லை என் மனைவியைத் தவிர வேறொருவர் வாயிலாக அன்றுதான் கேட்டேன்.

முற்றத்தில் பாடினோம். அம்மையார் நாற்காலியை வெளியே போடச் செய்து, கரண்டியால் தாளம் தட்டினார். தாளம் விரைந்தது; நாங்களும் விரைந்தோம். வீட்டைச் சுற்றி ஓடிப் பாடும்படி ஆணையிட்டார், ஓடினோம். முழங்கால் வலிக்காரனான நான், தலையணையை அணைத்தபடி, பாலன் பிறந்த செய்தியை அடிக்குரலில் அறிவித்துக்கொண்டு, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து ஓடினேன். அடுத்த வீட்டு மலாய்ப் பிள்ளைகள் வேலியோரம் வந்து கைதட்டினார்கள். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தம் பேரக் குழந்தையைத் தோளில் ஏற்றிக்காட்டினார். ஒரு சுற்று முடிந்ததும் உள்ளே சென்று சில கவளம், மீண்டும் வெளியே ஒரு பாடல், மீண்டும் உள்ளே. இடையில் ஓமத்தண்ணீர் ஒரு குவளை. சபை வரலாற்றில் இத்தனை முறை ஒரே வீட்டில் பாடிய பவனி வேறில்லை. பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு எப்போது கழன்றுபோயிற்று என்று தெரியவில்லை. மூச்சுவாங்கி நின்றபோது, ஆண்டவர் தம் வாழ்நாளில் விருந்தளித்ததைவிடப் பிறர் வீடுகளில் உண்டதுதான் மிகுதியாக இருக்குமோ என்று தோன்றிற்று. தமக்கென ஒரு வீடில்லாதவர். தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கியவர்களின் வீட்டில் போய் அமர்ந்து, போட்டதை உண்டவர். கொடுப்பதற்கு உயரமான இடத்தில் நின்றால் போதும். வாங்கிக்கொள்ளத் தரையில் அமரவேண்டும். இதை மேடையில் ஒருநாள் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த பாடலுக்குக் கரண்டி தட்டப்பட்டது.

இரசம் வந்தது. இரசத்துக்குப்பின் சவ்வரிசிப் பாயசமும் வந்தது. இலைகளில் கறிவேப்பிலையும் எலும்பும் தவிர ஒன்றுமில்லை. மனைவி முதலில் இலையை மடித்தார். நாங்கள் தொடர்ந்து மடித்தோம். அம்மையார் வரிசையின் இறுதிவரை நடந்து, ஒரு மடித்த இலையின் ஓரத்தைத் தூக்கியும் பார்த்தார். பிறகு, அதுவரை சுவரோரமாக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடியும் கண்ணைத் துடைத்தபடியும் நின்ற மருமகளிடம் திரும்பினார்.

“நீ ஏன் அங்கயே நிக்கிற? வா, உன் ஆளுங்களோட உட்காரு. நல்லாத்தான் சாப்பிடுறாங்க. பாட்டுதான் சுமார்.”

என் மனைவிக்கு அருகில் புது இலை போட்டு, தம் கையாலேயே சோறு இட்டு, கோழியின் நல்ல துண்டாகத் தேடி வைத்தார். அந்தப் பெண் தலை குனிந்து உண்டார், வேகமாக உண்டார், அவர்தான் அன்று எங்களுள் உண்மையான பசியோடு இருந்த ஒரே ஒருவர். அம்மையார் இன்னோர் இலையை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு, அதன்முன் தாமே மெல்ல அமர்ந்தார்.

“எனக்கு யாருய்யா போடறது?” என்றார்.

எங்கள் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் எழ முயன்றது. முயன்றதோடு சரி, ஒருவராலும் பாயைவிட்டுக் கிளம்ப முடியவில்லை. தாத்தா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். மனைவி என் முதுகைத் தள்ள, நான் தலையணையை ஊன்றி எழுந்து, சோற்றுக் கரண்டியை எட்டிப் பிடித்தேன். இவருக்கு என்ன அளவு பொருந்தும் என்று தெரியாததால், ஒரு கரண்டி சோற்றை முறைப்படி அவர் இலையின் நடுவில் இட்டு நின்றேன்.

அவர் அதைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்.

“இவ்ளோதானா?”